பதினாலு ஜன்னலுக்கு ஒரு ஜாமீன்

வீராசாமியிடம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. அந்த நிலத்துக்குப் போட்டோ ஒட்டி சீல் குத்திய பட்டா புத்தகம் ஒன்றும் இருந்தது. இந்த இரண்டும்தான் தணிகாசலத்திடம் இல்லாதவை. ஊரில் மற்றதெல்லாம் தணிகாசலத்திடம் இருந்தது.

இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். வீராசாமி ஆறு மாசம் மூத்தவன். சாந்திபுரத்திலிருந்து நாலு மைல் உள்ளே போனால் அவர்கள் ஊர். ஆந்திரா அங்கே முடிந்து, ஒரு பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கர்நாடகாவும் ஆரம்பிக்கிற மூலை. அப்பன்மார் இருவரும் ஒரே ரெட்டி வீட்டில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். சொந்தமென்று சொல்ல ஒரு முழம் மண் கிடையாது. ரெட்டியின் பிள்ளைகள் படித்துவிட்டுப் பட்டணம் போனதும் ரெட்டி நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார். மாட்டை விற்று, பெண்டாட்டி காதில் கிடந்ததை விற்று, அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் வாங்கினார்கள். நடுவில் ஒரே ஒரு வரப்பு.

அப்பன்மார் காலத்துக்கப்புறம், தொண்ணூற்றிரண்டில், தணிகாசலம் தன் பங்கை விற்றான். பெங்களூரில் பார்க்கும் இடமெல்லாம் கட்டிடம் எழும்பிய சமயம் அது. குப்பத்தில் ரயில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் ஏதோ ஒரு சென்ட்ரிங் வேலையில் போய் நிற்கலாம். அன்றைக்கு வீராசாமி சிரித்தான். தேர்ந்தெடுத்த இடங்களில் நின்று, கேட்கிற ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"மண்ண வித்துட்டு சிமிட்டிய துன்னப் போறான்" என்றான்.

அந்தச் சிரிப்பு மூன்று வருஷம் வந்தது. நாலாவது வருஷம் தணிகாசலம் கான்ட்ராக்டராகி, ஊருக்கு வந்து வீடு கட்டினான். எங்கே கட்டினான் என்பதுதான் விஷயம். விற்ற நிலத்தை விட்டுவிட்டு, பாதையோரம் பத்து சென்ட் புறம்போக்கைக் கைமாற்றி வாங்கி, வீராசாமியின் மல்பெரித் தோட்டத்துக்கு நேர் எதிரே கட்டினான். கீழே ஆறு அறை, மேலே இரண்டு, தேக்குக் கதவு, ஐந்தரை அடி காம்பவுண்டு, மாடியில் டிஷ். வாசலில் வெள்ளை மாருதி வேன். ஊரில் முதல் வேன்.

வீராசாமிக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் என்றால் ஒரு நாள் இரண்டு நாள் எரிச்சல் இல்லை. விடிந்தால் பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை பறிக்கப் போக வேண்டும். போனால் எதிரே அந்த வீடு. கண்ணை வேறு பக்கம் திருப்பலாம்தான். அவன் திருப்பவில்லை. புண்ணை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அந்த வீட்டைப் பார்த்தான். கடைக்கால் தோண்டியதிலிருந்து பார்த்தான். ஜன்னல் எத்தனை, கதவு எந்த மண்டியில் வாங்கியது, டைல்ஸ் எந்தக் கிழமை வந்து இறங்கியது, வேன் நம்பர் என்ன, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். தன் ரேஷன் கார்டு நம்பர் கேட்டால் தெரியாது.

கிரகப்பிரவேசத்துக்குத் தணிகாசலமே வந்து கூப்பிட்டான். "மாடு கன்னு போடுற மாதிரி கீது, வந்தா வரேன்" என்றான் வீராசாமி. மாடு கன்று போட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவன் மல்பெரிச் செடிக்குள் உட்கார்ந்து, எத்தனை பந்தி நடக்கிறது என்று பார்த்தான். ஏழு பந்தி.

தொண்ணூற்றேழு தசராவுக்கு இருபது நாள் இருக்கும்போது ஊருக்குள் சேதி வந்தது. திருப்பதியில் ஒரு லாட்ஜ் கட்டுகிற வேலையை எடுத்திருந்த தணிகாசலத்தைப் போலீஸ் பிடித்துவிட்டது. சித்தூர் ஜெயிலில் இருக்கிறான்.

அன்றைக்கு வீராசாமி இரண்டு உருண்டை களி கூடுதலாகத் தின்றான். சென்னம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் அவனுக்குப் பெண்டாட்டியாகிப் பதினெட்டு வருஷம். அவன் வயிற்றில் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எதுக்காம் புடிச்சாங்க?" என்றான், தெரியாதவன் மாதிரி.

"லாட்ஜுக்காரன் மருமவன் நம்மூரு சித்தாளு செல்லியம்மாவக் கன்னத்துல அறைஞ்சானாம். இவன் மம்மட்டிப் புடியால ஒரே போடு. கையி ரெண்டா போச்சாம் அவனுக்கு."

வீராசாமி அடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தான். ஏதாவது திருட்டு, புரட்டு என்று இருந்திருக்கக் கூடாதா? நம்ம ஊர்ப் பெண்ணுக்காக அடித்தானாம்! சாயங்காலத்துக்குள் ஊரே தணிகாசலம் பேச்சாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் அவன் பேர், பால் சொசைட்டியில் அவன் பேர். ஜெயிலுக்குப் போயும் பேர் அவனுக்குத்தான். வீராசாமி நாற்பது வருஷம் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அதற்காக எவனாவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தானா?

ஒரு வாரம் கழித்து தணிகாசலத்தின் பெண்டாட்டி சிவசங்கரி வந்தாள். தலை வாராமல், கண் உள்ளே போய், பெங்களூர்ச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, பெயில் குடுத்துட்டாங்க."

"அப்ப நல்லதா போச்சி. வந்துட வேண்டியதுதான்?"

"வர முடியல மாமா. ரெண்டு ஜாமீன் கேக்குறாங்க. இந்த ஜில்லாவுல நெலம் இருக்கணும், பட்டா புத்தகம் இருக்கணும். நாங்க பணமாவே கட்டிடறோம்னு சொன்னேன். வக்கீல் ஹரிபாபு சார் சிரிக்கிறாரு. பணம் வேணாமாம், ஆளுதான் வேணுமாம். கேஸு முடியிற மட்டும் வாய்தாவுக்கு வாய்தா இவரு வந்து நிப்பாருன்னு நெலத்து மேல ரெண்டு பேரு கையெழுத்து போடணும். வரலைன்னா அவங்க கிட்ட இருந்து வசூல் பண்ணுவாங்க. பெங்களூருல மூணு எடத்துல வேல நடக்குது, வேன் கீது, வூடு கீது, ஒண்ணும் ஒதவல மாமா. ஒரு குழி நெலம் இல்ல எங்ககிட்ட."

இதைவிட நல்ல வார்த்தையை வீராசாமி அஞ்சு வருஷமாகக் கேட்டதில்லை. ஒரு குழி நிலம் இல்லை. அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்று இருந்தது.

"வூடு கட்டினது புறம்போக்குலதானே. அதுக்குப் பட்டா வராது" என்றான் வருத்தப்படுகிற குரலில்.

"ஒரு ஜாமீன் பாலையா அண்ணன் போடறேன்னுட்டாரு. இன்னொண்ணுக்கு உங்க கிட்டதான் வந்தேன். வெள்ளிக்கிழம விட்டா தசரா லீவு, கோர்ட்டு தெறக்கப் பத்து நாளு ஆவுமாம்."

வீராசாமி கூரையைப் பார்த்தான். "புத்தகம் பேங்குல கீதேம்மா. பயிர்க் கடனுக்கு வெச்சிக்கீறேன்."

சிவசங்கரி அவனைப் பார்த்தாள். பிறகு சென்னம்மாவைப் பார்த்தாள். சென்னம்மா முறத்தில் இருந்த ராகியைப் பார்த்தாள். சிவசங்கரி எழுந்து, "செரி மாமா" என்று போய்விட்டாள்.

அவள் பாதை திரும்பியதும் சென்னம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"பேங்குல கீதா? ட்ரங்கு பொட்டியில என் கல்யாணப் பொடவைக்குக் கீழ கீறது இன்னா?"

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட."

"காணிப்பாக்கத்துல போயி புள்ளையார் எதுர்ல இத்தச் சொல்லு பாக்கலாம். பேங்குல கீதுன்னு."

சித்தூர்ப் பக்கத்து ஜனத்திடம் இது லேசான பேச்சு இல்லை. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் தலை முழுகி நின்று பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்று அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வீராசாமி இலை பறிக்கப் போனான். எதிரே பதினாலு ஜன்னலும் சாத்தியிருந்தன. அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வேன் தெருவுக்குள் வந்தது. பாலையாவை சாந்திபுரம் எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசுக்கு அழைத்துப் போக வந்தது. நிலத்தின் மதிப்பு இவ்வளவு என்று அங்கே சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால்தான் கோர்ட்டில் ஒத்துக்கொள்வார்கள். பாலையாவுக்கு இரண்டு ஏக்கர். பாதி பாறை. நல்லவன், எதையும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் விழிக்கிற ஜாதி. அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே நீட்டினான்.

தெருவில் நின்ற பொன்னியம்மாள் சத்தமாகச் சொன்னாள்: "மனுசன்னா பாலையா மாதிரி இருக்கணும். ரத்த சொந்தம் கதவச் சாத்திக்கினுது, இவன் போறான் பாரு."

வேன் வீராசாமி வீட்டைத் தாண்டும்போது பாலையா கையை ஆட்டினான். ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாமல், சந்தோஷமாக ஆட்டினான். அதுதான் வீராசாமியால் தாங்க முடியவில்லை. அந்த முன் சீட்டு! அந்த வேன் வந்து இரண்டு வருஷம். அவன் அதில் ஏறியதில்லை. "குப்பம் போறேன், வாடா" என்று தணிகாசலம் நிறுத்திக் கேட்டபோதெல்லாம், "நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு நடந்தவன். இப்போது பாலையா, பாதி பாறை வைத்திருக்கிற பாலையா, முழங்கையை நீட்டிக்கொண்டு போகிறான்.

வீராசாமி உள்ளே போனான். ட்ரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

"என் பொடவைய கசக்காம எடு" என்றாள் சென்னம்மா அடுப்படியிலிருந்து.

அவன் சாந்திபுரம் வரை சைக்கிள் மிதித்தான். எம்.ஆர்.ஓ. ஆபீஸ் வாசலில் சிவசங்கரி முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, "பேங்குல கேட்டேன், குடுத்துட்டாங்க" என்றான். அன்றைக்கு பேங்க் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சிவசங்கரி அதைக் கேட்கவில்லை. "வாங்க மாமா" என்றாள்.

வியாழக்கிழமை சர்டிபிகேட் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே வேன் கிளம்பியது. வீராசாமி எல்லாருக்கும் முன்னால் வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பாலையா பின்னால் ஏறினான். அவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அவன் பலமனேர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். அதுவும் வீராசாமிக்கு ஏமாற்றமாக இருந்தது.

சித்தூர் வரும் முன்னே சிவசங்கரி டிரைவரிடம் வேனைக் காணிப்பாக்கத்துக்குத் திருப்பச் சொன்னாள். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்றாள். எல்லாரும் இறங்கினார்கள். வீராசாமி இறங்கவில்லை.

"காலு மரத்துப் போச்சி. இங்கியே கும்புட்டுக்கறேன்" என்றான். பேங்குப் பொய் இன்னும் வாயில் இருக்கும்போது அந்தப் பிள்ளையார் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

திருப்பதி கோர்ட்டு வாசலில் பட்டா புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வருகிறவர் போகிறவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"இவங்க யாரு சார்?" என்று பாலையா கேட்டான்.

வக்கீல் ஹரிபாபு கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார். சித்தூர்க்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். "கூலி ஜாமீன். முன்ன பின்ன தெரியாதவனுக்குக் கையெழுத்து போடுவாங்க. முந்தி நடந்துச்சு. இப்ப வந்திருக்கிற மேஜிஸ்திரேட் அம்மா ஒவ்வொரு ஜாமீன்தாரையும் நிக்க வெச்சி கேள்வி கேக்கறாங்க. போன மாசம் ஒருத்தன் அக்யூஸ்டு பேரையே மாத்தி சொன்னான். அவனையும் உள்ள தள்ளிட்டாங்க. கேட்டா பயப்படாம தெரிஞ்சத சொல்லுங்க. பொறந்த வூரு, அப்பன் பேரு, புள்ளைங்க எத்தன, அவ்வளவுதான்."

பாலையா தலையை ஆட்டினான். அவன் வெள்ளைச் சட்டை அதற்குள் முதுகில் ஒட்டியிருந்தது.

அன்றைக்குக் காவல் நீட்டிக்கிற நாள் என்பதால் தணிகாசலத்தையும் சித்தூரிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே சுவரோரம் நின்றிருந்தான். தாடி. அழுக்கு லுங்கி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வீராசாமி அவனைப் பார்த்தான். இந்தக் கோலத்தில் அவனைப் பார்க்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பான்! பார்த்தாகிவிட்டது. நினைத்த அளவுக்கு ருசியாக இல்லை. உப்புப் போடாத குழம்பு மாதிரி இருந்தது.

முதலில் பாலையாவைக் கூப்பிட்டார்கள். மேஜிஸ்திரேட் அம்மாவுக்கு நடு வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, தெலுங்கில் கேட்டார். "குற்றம் சாட்டப்பட்டவரின் அப்பா பெயர் என்ன?"

பாலையா வாயைத் திறந்தான். தணிகாசலத்தின் அப்பனை ஊரில் எல்லாரும் கட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். செத்த அன்றைக்கு அழுத பெண்கள்கூடக் கட்டையன் என்றுதான் அழுதார்கள். அவருக்கு வேறு பேர் உண்டு என்பதே பாலையாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"கட்டையனுங்க" என்றான்.

மேஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தார். "இதில் அப்படி இல்லையே. பிள்ளைகள் எத்தனை?"

"ரெண்டு... மூணுங்க. இல்லீங்க, ரெண்டு."

"பெயர்?"

"பாப்பா, தம்பின்னு கூப்புடுவாங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மேஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டார். பாலையா ஹரிபாபுவைத் திரும்பிப் பார்த்தான். ஹரிபாபு எழுந்து ஏதோ சொல்லப் போனார். "உட்காருங்கள், இன்னொருவரைப் பார்த்துவிட்டு இவரைப் பார்க்கலாம்" என்றார் அம்மா.

வீராசாமி கூண்டுப் பக்கம் போய் நின்றான்.

"அப்பா பெயர்?"

"முனிரத்தினமுங்க. எங்க நைனாவுக்குக் கூடப் பொறந்த தம்பி. தொண்ணூத்தொண்ணு பங்குனி மாசம் செத்துட்டாருங்க. சனிக்கிழம."

"பிள்ளைகள்?"

"பெரிசு ஹரிதா, பெங்களூருல எட்டாவது படிக்குதுங்க, இங்கிலீஷ் மீடியம். சின்னவன் சந்துரு, அஞ்சாவது. அவனுக்கு வர்ற மாசம் கண்ணாடி போடணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

மேஜிஸ்திரேட் தலை நிமிர்ந்தார். "சொந்தமாக வீடு உண்டா?"

அவ்வளவுதான். இத்தனை நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்தது மடை திறந்துகொண்டது. எந்தப் புதன்கிழமை கடைக்கால் போட்டது, எத்தனை லோடு மணல், தேக்குக் கதவு பலமனேரிலிருந்து டிராக்டரில் வந்தது, காம்பவுண்டு ஐந்தரை அடி, கிரகப்பிரவேசத்துக்கு ஏழு பந்தி, வேன் கே.ஏ. நாலு நாலு ஏழு ஒண்ணு, வேனுக்கு இடது பக்கம் பின் கதவில் ஒரு கீறல். பாதி தெலுங்கு, பாதி தமிழ். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. எழுதுகிற கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"ஜன்னலு மொத்தம் பதினாலுங்க."

"அடையாளம் ஏதாவது?"

"வலது முட்டியில தழும்புங்க. ஒம்போது வயசுல புளிய மரத்துல இருந்து வுழுந்துட்டான்."

"விழுந்ததை நீ பார்த்தாயா?"

"நான்தாங்க தள்ளிவுட்டேன்."

இந்தத் தடவை மேஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். சுவரோரம் தணிகாசலம் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"சரி. அந்த வீட்டு ஜன்னலை நீ எதற்கு எண்ணினாய்?"

வீராசாமிக்குக் காணிப்பாக்கத்தில் இறங்காமல் இருந்தது ஞாபகம் வந்தது. தப்பித்து வந்தாகிவிட்டது என்று நினைத்தான். பிள்ளையார் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"எதுர்ல என் நெலமுங்க. குனிஞ்சி வேல செஞ்சிட்டு நிமிந்தா அந்த வூடுதாங்க தெரியுது. வேற எத்தப் பாக்கறது?"

மேஜிஸ்திரேட் ஹரிபாபுவிடம் சொன்னார்: "இது கூலி ஜாமீன் இல்லை. கூலிக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்." கையெழுத்துப் போட்டார். "இன்னொருவரைத்தான் நம்ப முடியவில்லை." வீராசாமி பக்கம் திரும்பினார். "இந்த ஆளுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பழக்கம் உண்டா? உனக்குத் தெரிந்திருக்குமே."

பாலையா அவனைப் பார்த்தான். நாய்க்குட்டி மாதிரிப் பார்த்தான். அந்த நிமிஷம் வீராசாமியின் உள்ளே ஓடியதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். பாலையாவின் வெள்ளைச் சட்டையும் முன் சீட்டும் கையாட்டலும் எல்லாம் மண்ணாகிவிடும். ஊரில் ஒரே ஒரு ஜாமீன்தான் நின்றது, அது வீராசாமி என்று ஆகிவிடும். இரண்டு ஜாமீன் இல்லாமல் தணிகாசலம் தசரா முழுக்க உள்ளே கிடப்பான். அதற்கு வீராசாமி பொறுப்பில்லை. எல்லாம் ஒரு வார்த்தை.

சுவரோரம் பார்த்தான். தணிகாசலத்தின் லுங்கி முழங்கால் வரை ஏறியிருந்தது. தழும்பு தெரிந்தது.

"உண்டுங்க" என்றான். "அவன் ஊருக்கு வந்தான்னா மொத டீ இவன் கூடத்தான் குடிப்பான். கிரகப்பிரவேசத்தன்னிக்கு வெள்ளி மொளைக்கறதுக்கு முன்ன இருந்து இவன்தாங்க தண்ணி தூக்கினான். நுப்பத்தியாறு கொடம். நாங்க எல்லாம் அவன் நைனாவ கட்டையன்னுதாங்க சொல்லுவோம். பேரு தெரியாதது அவன் தப்பு இல்லீங்க."

"முப்பத்தாறு குடம். அதையும் எண்ணினாயா? நீயும் தூக்கினாயா?"

"இல்லீங்க. நான் போவல. செடிக்குள்ள உக்காந்து பாத்தேன்."

மேஜிஸ்திரேட் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது.

கிளார்க் வீராசாமியின் பட்டா புத்தகத்தை வாங்கி, சர்வே நம்பர் இருக்கிற பக்கத்தில் சீல் குத்தி, இன்ன கேஸில் தணிகாசலத்துக்கு ஜாமீன் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இனி அந்தப் புத்தகத்தை வைத்து வேறு யாருக்கும் ஜாமீன் போட முடியாது. வீராசாமி அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றான். தணிகாசலத்திடம் இல்லாதது என்று அவனுக்கு இருந்தது நிலமும் இந்தப் புத்தகமும்தான். இப்போது புத்தகத்துக்குள்ளேயும் அவன் பேர் வந்து உட்கார்ந்துவிட்டது.

தணிகாசலத்தைப் போலீஸ் சித்தூருக்கே திருப்பிக் கொண்டு போனது. விடுதலை உத்தரவு ஆறு மணிக்குள் சித்தூர் ஜெயிலுக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு ஆளை விட மாட்டார்கள். கோர்ட்டு ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். அவர் முன்னால் உட்கார்ந்தார். வீராசாமி பின் சீட்டில், பாலையாவோடு தோள் உரச உட்கார்ந்து வந்தான்.

"நீ இல்லைன்னா நானும் உள்ளதான்டா போயிருப்பேன்" என்றான் பாலையா. அப்புறம், "நுப்பத்தியாறு கொடமா? எனக்கே தெரியாது" என்றான்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜெயில் கேட்டின் சின்னக் கதவு வழியாகத் தணிகாசலம் குனிந்து வெளியே வந்தான். சிவசங்கரி அழுதாள். பாலையா கட்டிக்கொண்டான். வீராசாமி வேன் பக்கத்திலேயே நின்றான். தணிகாசலம் அவனிடம் வந்தான்.

"பதினாலா?" என்றான் தணிகாசலம். "நான் பதிமூணுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"மாடிப்படி திரும்புற எடத்துல சின்னதா ஒண்ணு கீதே."

"அது கணக்குல வருமா?"

"கம்பி போட்டுட்டா ஜன்னலுதான்."

தணிகாசலம் தாடியைச் சொறிந்தான். "அந்தப் புளிய மரம். நுப்பது வருசமா காலு வழுக்கிச்சின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"நீதான் மேல் கெளைக்குப் போயிட்டியே, என்ன வுட்டுட்டு" என்றான் வீராசாமி.

தணிகாசலம் அவனை முன் சீட்டில் உட்காரச் சொன்னான்.

கேஸ் இரண்டரை வருஷம் நடந்தது. மாசம் ஒரு வாய்தா. ஜாமீன் போட்டவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டியதில்லை என்று ஹரிபாபு சொல்லிப் பார்த்தார். வீராசாமி கேட்கவில்லை. நிலம் அவனுடையது. தணிகாசலம் ஒரு தடவை வராமல் போனால் நோட்டீஸ் அவன் வீட்டுக்குத்தான் வரும். வாய்தாவுக்கு முந்தின நாள் சாந்திபுரம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பெங்களூருக்குப் போன் போட்டான். "ஒடம்பு நல்லா கீதா? ஜொரம் கிரம் இல்லியே? நேரா நேரத்துக்குத் துன்றியா?" என்று கேட்டான். பூத்துக்காரன் ஊரெல்லாம் சொன்னான், அண்ணன் தம்பி பாசம் என்றால் இதுதான் என்று. தணிகாசலம் சாரத்தில் ஏறுகிறான் என்று கேள்விப்பட்டு வீராசாமிக்கு இரண்டு நாள் தூக்கம் போனது. ஒரு தடவை காணிப்பாக்கத்தில் இறங்கி, தலை முழுகி, "கேஸு முடியிற மட்டும் அவன நல்லா வெச்சிரு சாமி" என்று வேண்டிக்கொண்டான். தான் என்ன வேண்டிக்கொண்டோம் என்று படியிறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோபமாக வந்தது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன் சீட்டு அவனுக்கு. தெருவில் போகும்போது முழங்கையை வெளியே நீட்டுவான். பொன்னியம்மாள் நிற்கிறாளா என்று பார்ப்பான்.

இரண்டாயிரத்தில் கேஸ் முடிந்தது. கும்பலில் தன்னை அடித்தது யார் என்று தெரியவில்லை என்று அடிபட்டவனே சொல்லிவிட்டான். தணிகாசலம் விடுதலை. கிளார்க் வீராசாமியின் புத்தகத்தை வாங்கி, சிவப்பு எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோட்டுக்கு அடியில் பேர் இன்னும் படிக்கத் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சென்னம்மா புத்தகத்தை வாங்கிப் புடவைக்குக் கீழே வைத்தாள்.

"பாரம் எறங்கிச்சா?"

"இன்னும் ரெண்டு வாய்தா இழுத்திருக்கலாம்" என்றான் வீராசாமி. "அடுத்த மாசம் அந்த வேனுல எவன் உக்காருவானோ."

மூன்று மாசம் கழித்து ஒரு காலையில் இலை பறித்துவிட்டு முதுகை நிமிர்த்தினான். எதிரே மாடியில் தணிகாசலம் இன்னும் இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தான். பதினைந்து, பதினாறு, பதினேழு என்று வீராசாமியின் வாய் தானாக எண்ணியது. வயிறு பழைய இடத்தில் எரிந்தது. பதினேழாவது ஜன்னலில் கண் நின்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தான்.

சந்தேகமே இல்லை. ஜன்னல் சட்டம் ஒரு விரல்கடை கோணலாக நின்றது.

தணிகாசலம் மாடியிலிருந்து கையை ஆட்டினான். "இன்னாடா பாக்கற? செரியா கீதா?"

"சூப்பரா கீது!" என்று கத்தினான் வீராசாமி.

பூச்சு வேலை முடிந்து நன்றாகக் காயட்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.